வாசகர் கேள்வி–பதில்: அடுத்த கடையின் லாகின் ஏன் வந்து உட்காருகிறது?

பாஸ்வேர்ட் மேனேஜர் வைத்திருந்தும் வேறு கணக்கு நிரம்பிவிடுகிறது, அல்லது எதுவுமே நிரம்புவதில்லை என்று மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: ஜிஎஸ்டி, வருமான வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறேன். பிட்வார்டன் என்ற பாஸ்வேர்ட் மேனேஜரில் முப்பதுக்கும் மேற்பட்ட வியாபாரிகளின் லாகின் இருக்கிறது. ஜிஎஸ்டி தளத்தைத் திறந்ததும் சில சமயம் முந்தின நாள் பார்த்த கடையின் யூசர் நேம் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. எதை நிரப்புவது என்று மேனேஜர் எப்படித்தான் முடிவு செய்கிறது?
– வரி ஆலோசகர், சிம்மக்கல், மதுரை

பதில்: அதற்கு ஆள் தெரியாது, முகவரி மட்டும்தான் தெரியும். உங்கள் எதிரே இருப்பவர் விளக்குத்தூண் ஜவுளிக்கடைக்காரரா, கீழமாசி வீதி மளிகைக்காரரா என்று கண்டுபிடிக்க அதற்கு வழியில்லை. பக்கம் திறந்ததும் முகவரியின் முன்பகுதியைக் கழித்துவிட்டு ‘ஜிஎஸ்டி.கவ்.இன்’ என்ற அடிப்படை டொமைனை, அதாவது தளத்தின் மூலப் பெயரை, எடுக்கிறது. அந்த டொமைனில் சேமித்த லாகின்களையெல்லாம் பொறுக்குகிறது. பிறகு பக்கத்தில் பாஸ்வேர்ட் பெட்டியைத் தேடிப் பிடித்து, அதற்கு முன்னால் இருக்கும் எழுத்துப் பெட்டிதான் யூசர் நேமுக்கு என்று வைத்துக்கொள்கிறது. உங்களிடம் எல்லாமே ஒரே டொமைன் என்பதால் முப்பதும் தேறிவிடும். அவற்றில் முதலிடம் கடைசியாகப் பயன்படுத்திய லாகினுக்கு. முந்தின நாள் கடை வந்து நிற்பது அதனால்தான்.

குரோமின் சொந்த மேனேஜரும் கடைசியாகப் பயன்படுத்தியதையே முதலில் நிரப்பும். ஃபயர்பாக்ஸ் ஒன்றுக்கு மேல் பொருந்தினால் பெட்டியைக் காலியாக விட்டுவிட்டு, நீங்கள் அதில் சொடுக்கிய பிறகு பட்டியலைக் காட்டும். உங்களைப் போன்றவர்களுக்கு ஃபயர்பாக்ஸ் செய்வதுதான் சரி.

பிட்வார்டனில் செட்டிங்ஸ் போய், ஆட்டோஃபில் பகுதியில் ‘பக்கம் திறந்ததும் நிரப்பு’ என்ற வசதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது ஆரம்பத்தில் அணைந்தேதான் வரும். அணைந்திருந்தும் தானாக நிரம்புகிறதென்றால் நிரப்புவது பிட்வார்டன் இல்லை, பின்னால் இருக்கும் குரோம். பெரும்பாலும் நடப்பது இதுதான். குரோமில் ‘பாஸ்வேர்டைச் சேமிக்கவா’ என்று கேட்பதை நிறுத்தினால் மட்டும் போதாது. ஏற்கெனவே சேமித்து வைத்ததை அது நிரப்பிக்கொண்டே இருக்கும். அவற்றை பிட்வார்டனுக்கு மாற்றிவிட்டு, எல்லாம் வந்துவிட்டதா என்று சரிபார்த்து, குரோமில் இருப்பதை அழியுங்கள். ஏற்றுமதி செய்த சிஎஸ்வி கோப்பில் பாஸ்வேர்ட் அப்படியே வெளிப்படையாக இருக்கும். வேலை முடிந்ததும் அதையும் அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிடுங்கள்.

கன்ட்ரோல்+ஷிஃப்ட்+எல் குறுக்குவிசையும் கடைசியாகப் பயன்படுத்தியதைத்தான் நிரப்பும். மறுபடி அழுத்தினால் அடுத்த லாகின், மறுபடி அழுத்தினால் அதற்கடுத்தது. இரண்டு மூன்று கணக்கு வைத்திருப்பவருக்கு அது சௌகரியம். 20ஆம் தேதி மாலை ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் போடும் அவசரத்தில் முப்பது லாகினுக்கு நடுவே அதைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். பிரவுசரில் சேர்த்திருக்கும் பிட்வார்டன் எக்ஸ்டென்ஷனைத் திறந்து, கடைப் பெயரின் முதல் நாலு எழுத்தைத் தேடல் பெட்டியில் அடித்து, வருவதைச் சொடுக்கி நிரப்புங்கள்.

அப்படித் தேடுவதற்குத் தலைப்பு ஒழுங்காக இருக்க வேண்டும். சேமிக்கும்போது மேனேஜர் தானாகத் தளத்தின் பெயரைத் தலைப்பாகப் போட்டுவிடுவதால், பலருடைய பட்டியலில் முப்பது வரியும் ‘ஜிஎஸ்டி’ என்றே இருக்கும். சிலர் ஜிஎஸ்டி எண்ணைத் தலைப்பாக வைக்கிறார்கள். அதிலும் பயனில்லை. 15 இலக்கத்தில் முதல் இரண்டு தமிழ்நாட்டுக்கு எப்போதும் 33. அடுத்த பத்து அவருடைய பான் எண். எக்ஸ்டென்ஷனின் குறுகிய பட்டியலில் எல்லாம் ஒரே மாதிரிதான் கண்ணில் படும். கடைப் பெயர், தெரு, பிறகு பான் எண்ணின் கடைசி ஐந்து எழுத்து என்ற வரிசையில் எழுதுங்கள். ஒரே முதலாளிக்கு இரண்டு கடை இருந்தால் தெருப் பெயர்தான் காப்பாற்றும்.

இன்னொரு பள்ளம், பாஸ்வேர்ட் மாற்றும் பக்கம். அங்கே பழைய பாஸ்வேர்ட், புதியது, மீண்டும் புதியது என்று மூன்று பெட்டிதான் இருக்கும். யூசர் நேம் பெட்டி இருக்காது. ‘புதிய பாஸ்வேர்டைப் பதியவா’ என்று மேனேஜர் கேட்கும்போது எந்த லாகினில் பதியப்போகிறது என்பது அதன் ஊகம்தான். கண்ணை மூடிக்கொண்டு ‘சரி’ கொடுத்தால் மளிகைக்கடையின் புதிய பாஸ்வேர்ட் ஜவுளிக்கடையின் லாகினில் போய் உட்காரும், இரண்டு கணக்குமே திறக்காது. அந்தக் கேள்வியைத் தள்ளிவிட்டு, முதலில் உரிய லாகினை எடிட்டில் திறந்து, அங்கேயே புதிய பாஸ்வேர்டை உருவாக்கிச் சேமித்து, பிறகு தளத்தில் ஒட்டுங்கள். ஏற்கெனவே இப்படிக் குழம்பியிருந்தால், பிட்வார்டன் ஒவ்வொரு லாகினிலும் பழைய பாஸ்வேர்ட் சிலவற்றை வைத்திருக்கும். லாகினின் அடிப்பகுதியில் பாஸ்வேர்ட் ஹிஸ்டரியைப் பாருங்கள்.

வருமான வரித் தளத்தில் சிக்கல் வேறு மாதிரி. முதல் பக்கத்தில் பான் எண், அடுத்த பக்கத்தில் பாஸ்வேர்ட். இரண்டாவது பக்கம் வரும்போது யூசர் நேம் பெட்டி போயிருக்கும். முதல் பக்கத்தில் நீங்கள் யாருடைய பான் எண்ணைக் கொடுத்தீர்கள் என்று எல்லா மேனேஜரும் நினைவில் வைத்திருப்பதில்லை. குறுக்குவிசையைத் தட்டினால் வேறொருவரின் பாஸ்வேர்ட் விழலாம், புள்ளி புள்ளியாகத் தெரிவதால் கண்டுபிடிக்கவும் முடியாது. தவறான பாஸ்வேர்ட் திரும்பத் திரும்பப் போனால் பூட்டிக்கொள்வது வாடிக்கையாளரின் கணக்கு. இரண்டாவது பக்கத்திலும் பட்டியலைத் திறந்து, மேலே காட்டும் பான் எண்ணோடு ஒப்பிட்டு, அதே லாகினைச் சொடுக்குங்கள்.

ஒருவரின் கணக்கில் இருக்கும்போதே இன்னொரு டேபில் அடுத்தவரைத் திறக்காதீர்கள். பாஸ்வேர்ட் சரியாக நிரம்பினாலும், உள்ளே இருப்பது யார் என்று பிரவுசர் குறித்து வைக்கும் குக்கீ இரண்டு டேபுக்கும் பொதுவானது. எந்த டேபில் யார் என்பது குழம்பும். லாக்அவுட் செய்துவிட்டுத் திறங்கள், அல்லது இரண்டாவது ஆளை இன்காக்னிட்டோ ஜன்னலில் திறங்கள். அங்கே பிட்வார்டன் தெரியாவிட்டால், குரோமின் எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் இன்காக்னிட்டோவுக்கு அனுமதி கொடுக்க வேண்டும்.

கேள்வி: இ-சேவை தளத்துக்குள் போனால் ஊராட்சி வரித் தளத்தின் லாகினையும் சேர்த்துக் காட்டுகிறது. ஆனால் ஜிஎஸ்டி பக்கத்தில் அப்படி எதையும் கலப்பதில்லை. எல்லாமே அரசுத் தளம்தானே?
– கம்ப்யூட்டர் சென்டர் நடத்துபவர், மேலூர்

பதில்: வித்தியாசம் டொமைனில் இருக்கிறது. மொசில்லா தொடங்கிவைத்த பொதுப் பின்னொட்டுப் பட்டியல் ஒன்று உண்டு. ‘கோ.இன்’, ‘கவ்.இன்’ மாதிரி பலரும் முன்னால் தனித்தனிப் பெயர் சேர்த்துப் பதிகிற பின்னொட்டுகள் அதில் இருக்கும். மேனேஜர்கள் அதைப் பார்த்துத்தான் எது வரை ஒரே தளம் என்று முடிவு செய்கின்றன. ‘கவ்.இன்’ பட்டியலில் இருப்பதால் ஜிஎஸ்டியும் வருமான வரியும் தனித்தனி. தமிழக அரசின் பல சேவைகளோ ‘டிஎன்.கவ்.இன்’ என்பதன் கீழ் வருகின்றன. இ-சேவை, பட்டா சிட்டா பார்க்கும் இ-சர்வீசஸ், ஊராட்சி வரி எல்லாம் அந்தக் கூரைக்குள்தான். மேனேஜருக்கு அத்தனையும் ஒரே வீடு.

பிரிக்க வேண்டுமானால், பிட்வார்டனில் லாகினை எடிட் செய்து, முகவரிக்குப் பக்கத்தில் உள்ள சக்கர அடையாளத்தைச் சொடுக்குங்கள். ‘மேட்ச் டிடெக்‌ஷன்’ என்று வரும். அங்கே ‘பேஸ் டொமைன்’ என்பதை ‘ஹோஸ்ட்’ ஆக்கிவிட்டால் முழுப் பெயரும் பொருந்தினால்தான் காட்டும். ஒன்பாஸ்வேர்ட் என்ற மேனேஜரிலும் அந்த ஹோஸ்டில் மட்டும் நிரப்பச் சொல்லும் வசதி லாகினுக்கு லாகின் உண்டு. குரோமில் இந்தத் தேர்வே கிடையாது.

எல்லா லாகினுக்கும் ஒரேயடியாக ஹோஸ்ட் வைத்துவிடலாமே என்று தோன்றும். வைக்கலாம். ஆனால் முகப்புப் பக்கத்தின் முகவரியோடு சேமித்த லாகின், உள்நுழையும் பக்கத்தில் வராமல் போகும். ஜிஎஸ்டியிலேயே முகப்பு ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ’ என்றும், லாகின் பக்கம் ‘சர்வீசஸ்’ என்றும் தொடங்கும். பாஸ்வேர்ட் பெட்டி இருக்கும் பக்கத்தின் முகவரியைத்தான் சேமிக்க வேண்டும். ஒரு லாகினில் இரண்டு மூன்று முகவரி சேர்க்கவும் இடமுண்டு.

‘ஸ்டார்ட்ஸ் வித்’ என்று ஒரு தேர்வும் அங்கே தெரியும். ஒரே ஹோஸ்டில் இரண்டு பிரிவுக்கு இரண்டு லாகின் இருந்தால் உதவும். அதைப் போடுவதானால் டொமைன் பெயர் முடிந்ததும் சாய்கோடு கட்டாயம். சாய்கோடு இல்லாவிட்டால், அதே பெயரில் தொடங்கி அதற்குப் பின்னால் வேறு டொமைன் ஒட்டிய போலி முகவரியும் ‘இதே மாதிரிதான் தொடங்குகிறது’ என்று தேறிவிடும்.

கேட்காத ஒன்று: சென்டருக்கு வரும் பிள்ளைகள் தேர்வாணைய விண்ணப்பத்துக்கு உள்ளே போகும்போது அவர்களுடைய பாஸ்வேர்ட் உங்கள் குரோமில் தங்கக்கூடாது. வாடிக்கையாளர் வேலைக்கு குரோமில் கெஸ்ட் ஜன்னல் மட்டும் கொடுங்கள். மூடியதும் பாஸ்வேர்டோ குக்கீயோ மிஞ்சாது.

கேள்வி: கொஞ்ச நாளாக வங்கித் தளத்தில் மேனேஜர் எதையும் காட்டுவதில்லை. காப்பி செய்து ஒட்டித்தான் உள்ளே போகிறேன். மேனேஜர் கெட்டுப்போய்விட்டதா?
– ஓய்வு பெற்ற ஊழியர், கே.கே. நகர், மதுரை

பதில்: மேனேஜரைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் முகவரியைச் சந்தேகப்படுங்கள். ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் போட்ட சுற்றறிக்கைப்படி, வங்கிகள் 2025 அக்டோபர் 31க்குள் ‘பேங்க்.இன்’ என்ற டொமைனுக்கு மாற வேண்டியிருந்தது. எஸ்பிஐ.பேங்க்.இன், ஹெச்டிஎஃப்சி.பேங்க்.இன் என்று இப்போது பார்ப்பது அதுதான். வங்கிகளுக்கு மட்டுமே கொடுக்கப்படும் டொமைன் இது. பதிவு செய்து தருவது ரிசர்வ் வங்கி அமைத்த வங்கித் தொழில்நுட்ப நிறுவனமான ஐடிஆர்பிடி. உங்கள் லாகின் பழைய முகவரியில் இருப்பதால் புதியதில் பொருந்தவில்லை.

காப்பி செய்து ஒட்டும் பழக்கம் மட்டும் வேண்டாம். போலித் தளத்தில் மேனேஜர் வாய் திறக்காது, அதுதான் அதன் பெரிய லாபம். கையால் ஒட்டப் பழகிவிட்டால் போலியிலும் அதே கை அதே வேகத்தில் ஒட்டும்.

எஸ்எம்எஸ்ஸில் வந்த லிங்க் வழியாகப் போகாமல், முகவரியை நீங்களே அடித்துத் திறங்கள். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு ஒட்டி முன்னால் ‘பேங்க்.இன்’ இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் எங்கோ ‘பேங்க்.இன்’ இருந்து அதற்குப் பின் இன்னொரு டொமைன் நீண்டால் அது மோசடி. சரியானது என்று உறுதியான பிறகு, லாகினை எடிட் செய்து புதிய முகவரியைச் சேர்த்து, பொருத்தத்தை ‘ஹோஸ்ட்’ என்று வையுங்கள். ஹோஸ்ட் ஏன் என்றால், ‘பேங்க்.இன்’ புதுப் பின்னொட்டு. பொதுப் பின்னொட்டுப் பட்டியலின் பழைய பிரதியை வைத்திருக்கும் மென்பொருள் எல்லா வங்கியையும் ஒரே தளமாக எண்ணிவிடலாம். குரோமில் சேமித்திருந்தால் அங்கே முகவரியைத் திருத்த முடியாது. புதிய முகவரியில் ஒருமுறை உள்நுழைந்து சேமித்துவிட்டுப் பழையதை நீக்குங்கள்.

கேள்வி: நானும் என் வீட்டுக்காரரும் ஒரே லேப்டாப்பில் ஒரே வங்கித் தளத்தைப் பயன்படுத்துகிறோம். எப்போதும் அவருடைய யூசர் நேம்தான் முன்னால் வருகிறது.
– ஆசிரியை, உசிலம்பட்டி

பதில்: குரோமில் மேல் வலது மூலையில் உள்ள வட்டத்தைச் சொடுக்கி இரண்டாவது புரொஃபைல் உருவாக்குங்கள். ஆளுக்கொரு நிறம், டெஸ்க்டாப்பில் ஆளுக்கொரு ஐகான். பாஸ்வேர்ட், குக்கீ, புக்மார்க் எல்லாம் தனித்தனி. இரண்டு பேருக்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. ஒரே மேனேஜரில் இருவருடையதையும் வைத்துத் தலைப்பு மாற்றிச் சமாளிக்கலாம்தான், ஆனால் ஓடிபி வரும் போன் யாரிடம் இருக்கிறது என்பதில் அடிக்கடி இழுபறி வரும்.

கேள்வி: சொடுக்குவது ஒரு வேலையா? பக்கம் திறந்ததும் அதுவே நிரப்பிக்கொண்டால் என்ன கெட்டுவிடும்?
– கல்லூரி மாணவர், அவனியாபுரம்

பதில்: நிரப்பிய பெட்டியை அந்தப் பக்கத்தில் ஓடும் எந்த ஸ்கிரிப்டும் (சிறு நிரலும்) படிக்க முடியும். நீங்கள் லாகின் பொத்தானை அழுத்தும் வரை அது காத்திருக்க வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாத பெட்டியை ஒளித்து வைத்தாலும் மேனேஜர் ஏமாறலாம்.

சொடுக்கிவிட்டால் கவலையில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2025 ஆகஸ்டில் டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டில் காட்டிய தாக்குதல் சொடுக்குபவர்களைக் குறிவைத்தது. மேனேஜர் பக்கத்துக்குள் விரிக்கும் பட்டியலைக் கண்ணுக்குத் தெரியாதபடி மாற்றி, ‘குக்கீயை ஏற்கிறேன்’ போன்ற பொத்தானின் இடத்தில் அதைக் கொண்டு வைத்துவிடுவார்கள். நீங்கள் பொத்தானை அழுத்துவதாக நினைத்து லாகினைத் தேர்ந்தெடுத்துவிடுவீர்கள். லாகின் திருட வேண்டுமானால் அந்தப் பக்கம் அதே டொமைனில், அல்லது அதன் துணை டொமைன் ஒன்றில் இருக்க வேண்டும். மேலூர்க்காரருக்குச் சொன்ன ‘ஹோஸ்ட்’ பொருத்தம் இங்கேயும் வேலை செய்கிறது: ஓட்டை ஏதோ ஒரு துணை டொமைனில் இருந்தால் உங்கள் லாகின் அங்கே தலைகாட்டாது. எக்ஸ்டென்ஷனை அப்டேட் செய்து வைத்திருங்கள். குரோமில் எக்ஸ்டென்ஷனுக்கான தள அனுமதியை ‘சொடுக்கும்போது மட்டும்’ என்று மாற்றினால் இன்னும் நல்லது.

கேள்வி: போனில் பிட்வார்டன் போட்டும், குரோமில் கூகுளின் பட்டியல்தான் வருகிறது.
– செல்போன் கடை ஊழியர், வாடிப்பட்டி

பதில்: ஆண்ட்ராய்டில் ஆட்டோஃபில் வசதி 2017இல் வந்த 8ஆம் பதிப்பிலிருந்து உண்டு. கீபோர்டுக்கு மேலேயே பட்டியல் காட்டுவது 11ஆம் பதிப்பில் வந்தது. போன் செட்டிங்ஸில் பிட்வார்டனைத் தேர்ந்தெடுத்தால் ஆப்களுக்கு அது போதும். குரோமுக்குள் தனியாக ஒரு செட்டிங்ஸ் இருக்கிறது: ‘ஆட்டோஃபில் சர்வீசஸ்’ என்ற இடத்தில் ‘வேறு சேவை’ என்பதைத் தேர்ந்தெடுத்து குரோமை மூடித் திறங்கள். அந்த இடமே காணவில்லை என்றால் குரோம் பழையது, அப்டேட் செய்யுங்கள்.

ஆப்பில் வெப்சைட் முகவரி கிடையாது, ஆப்பின் பேக்கேஜ் பெயரை (போனுக்குள் அந்த ஆப்பின் அடையாளப் பெயர்) வைத்துத்தான் பொருத்தம். முதல் தடவை பட்டியல் காலியாக வந்தால் தேடி எடுத்து, ‘நிரப்பிச் சேமி’ கொடுங்கள். அந்தப் பெயர் லாகினில் சேர்ந்துவிடும், அடுத்த முறை தானே வரும். ஆப்பை பிளே ஸ்டோரிலிருந்துதான் இறக்கியிருக்கிறீர்கள் என்று உறுதியாக இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

கேள்வி: கீபாஸ்எக்ஸ்சி என்ற மேனேஜரில், லாகினைத் தானாகத் தட்டச்சு செய்யும் ஆட்டோ-டைப் வசதியைப் பயன்படுத்துகிறேன். கேப்ட்சா அடிப்பதற்குள் பக்கம் போய்விட்டுப் பிழை காட்டுகிறது.
– அச்சகம், தெற்குமாசி வீதி

பதில்: இயல்பான வரிசை யூசர் நேம், டேப், பாஸ்வேர்ட், என்டர். அந்த லாகினின் ஆட்டோ-டைப் பகுதியில் தனி வரிசை கொடுத்து, கடைசி என்டரை எடுத்துவிட்டு டேப் போடுங்கள். பல நேரம் கர்சர் நேராகக் கேப்ட்சா பெட்டிக்கே போய்விடும். ஆட்டோ-டைப் பார்ப்பது ஜன்னலின் தலைப்பை. பல லாகின் பொருந்தினால் எது வேண்டும் என்று கேட்கும். பிரவுசர் எக்ஸ்டென்ஷன் வழியாகப் போவதானால், மிகச் சரியாகப் பொருந்துவதை மட்டும் காட்டச் சொல்லும் தேர்வு பிரவுசர் இன்டகிரேஷன் செட்டிங்ஸில் இருக்கிறது.

கேள்வி: கடையில் ரவுட்டர், கேமரா டிவிஆர் இரண்டும் ஒரே ஐபியில் வேறு வேறு போர்ட்டில் திறக்கின்றன. வீட்டு ரவுட்டரும் அதே 192.168.1.1. மூன்றின் பாஸ்வேர்டும் கலந்து வருகிறது.
– ஹார்டுவேர் கடை, திருமங்கலம்

பதில்: இதில் இரண்டு பிரச்சினை இருக்கிறது. கடைக்குள் இருப்பது எளிது. பேஸ் டொமைன் பொருத்தம் ஐபிக்குப் பின்னால் வரும் போர்ட் எண்ணைப் பார்க்காது, ஹோஸ்ட் பொருத்தம் பார்க்கும். டிவிஆரின் லாகினில் ஐபியோடு 8080 போன்ற போர்ட் எண்ணையும் சேர்த்து எழுதி, இரண்டு லாகினையும் ஹோஸ்ட் ஆக்கிவிடுங்கள்.

வீடும் கடையும் கலப்பதை எந்த மேனேஜராலும் தீர்க்க முடியாது, ஏனென்றால் முகவரி உண்மையிலேயே ஒன்றுதான். மாற்ற வேண்டியது ரவுட்டரை. வீட்டு ரவுட்டரின் லான் அமைப்பில் ஐபியை 192.168.10.1 என்று மாற்றிச் சேமியுங்கள். சாதனங்களுக்கு ஐபி பங்கிடும் டிஹெச்சிபி வரம்பும் 192.168.10 என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். சில ரவுட்டர்கள் தாமாக மாற்றிக்கொள்ளும், சிலவற்றில் கையால் மாற்ற வேண்டும். சேமித்ததும் இணைப்பு அறுந்துபோகும், பயப்பட வேண்டாம். வைஃபையை அணைத்துப் போட்டு, புதிய முகவரியில் திறந்து, லாகினையும் திருத்திவிடுங்கள். வீட்டில் பிரின்டருக்கோ கேமராவுக்கோ நிலையான ஐபி கொடுத்திருந்தால் அவற்றையும் 192.168.10 வரிசைக்கு மாற்றும் வரை அவை கிடைக்காது, ஆகவே இந்த வேலையை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.